வைரல் லோட் (இரத்தத்தில் எச்.ஐ.வி அளவு) இறங்கவில்லை, குளிசையை மாற்றாமல் ஏன் கவுன்சிலிங்?

உங்கள் தம்பி கவுன்சிலிங்குக்குக் கட்டாயம் போகட்டும். எச்.ஐ.வி அளவு இறங்காதபோது முதலில் உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) அனுப்புவதுதான் வழமை, தண்டனை இல்லை. கொழும்பு டி சேரம் பிளேஸில் உள்ள அரச எச்.ஐ.வி கிளினிக்கில் காசும் இல்லை.

வெள்ளவத்தையில் நாலு பேரோடு ஒரே அறை என்கிறீர்கள். அவர்கள் முன்னால் போத்தலைத் திறக்கக் கூச்சப்பட்டு மருந்தைத் தவறவிட்டிருக்கலாம். டொக்டரிடம் "ஒழுங்காகப் போடுறன்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்!

மிச்சக் குளிசைகளை எண்ணி, கிளினிக்கில் மருந்து வாங்கிய திகதியோடு அவரே ஒத்துப் பார்க்கட்டும். அவர் போடும் எச்.ஐ.வி மருந்து டொலுடெக்ராவிர் என்றால், மக்னீசியம் அல்லது அலுமினியம் உள்ள வயிற்றெரிவு மருந்துக்கு (அன்டாசிட்) 2 மணித்தியாலம் முன்னரோ 6 மணித்தியாலம் பின்னரோ போட வேண்டும். அப்படி ஏதும் போடுகிறாரா என்றும் தம்பியிடம் கேளுங்கள்.

ஒழுங்காகப் போட்டும் 3 மாதத்தில் மறுபரிசோதனையில் இறங்காவிட்டால், மருந்து எதிர்ப்பு (வைரசுக்கு அந்த மருந்து வேலை செய்யாமல் போவது) பற்றி டொக்டரிடம் கேட்கலாம். அதுவரை குளிசையைத் தானாக நிறுத்தக்கூடாது.