கடலடி எண்ணெய்க் குத்தகைக்குத் தடை போட்டால் எண்ணெய் நின்றுவிடுமா?

கடலுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடி எடுக்க, அரசு ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு நிறுவனத்திடம் விடுவதுதான் கடலடிக் குத்தகை. அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி இதை ஏலத்தில் விடுகிறார்கள். நம் மலேசியாவில் வேறு ஏற்பாடு: 1974ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணெய் வளத்தை பெட்ரோனாஸிடம் ஒப்படைத்தது, மற்ற நிறுவனங்கள் அதனோடு ஒப்பந்தம் போட்டு எடுக்கின்றன.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் சிறுதோட்டக்காரர் பால்மரம் சீவ ஆள் விடுவார் இல்லையா? மண்ணும் மரமும் அவருடையவை. சீவுகிறவர் பாலை விற்றுப் பங்கு கொடுப்பார். அதே மாதிரிதான், குத்தகை எடுத்தவருக்குக் கடல் சொந்தமாகாது. எடுக்கிற எண்ணெயில் அரசுக்கு ராயல்டி உண்டு. ஆழமாகச் சீவி மரத்தைக் காயப்படுத்தினால் தோட்டக்காரர் சும்மா இருப்பாரா?

அரசு தடை போடுவதும் அந்தப் பயத்தில்தான். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். எண்ணெய்க் கசிவை நிறுத்த 87 நாள் ஆனது. அத்தனை நாளும் மீனவர்கள் பிழைப்பை நினைத்துப் பாருங்கள்.

சரி, தடை வந்தால் மறுநாளே எண்ணெய் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: புதுக் குத்தகைக்கான தடை பழைய கிணறுகளைத் தொடாது, அமெரிக்காவில் எண்ணெய் வந்துகொண்டிருக்கும்வரை பழைய குத்தகை நீடிக்கும்.