மனையா, ஃபிளாட்டா? – முதலீட்டுக் கேள்வி பதில்

கேள்வி (மதுரை): 13 வருட வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். அதிலும் பதிவான ஆவணங்கள்தான் தெரியும். பதிவு செய்யாத உயில், கையெழுத்துப் போடாத அக்காவின் பாகம், தனியாரிடம் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் எதுவும் அதில் வராது. தாய்ப்பத்திரத்தின், அதாவது விற்பவருக்குச் சொத்து வந்த வழியைக் காட்டும் முந்தைய பத்திரத்தின், அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது. பட்டாவின் சர்வே எண், எஃப்எம்பி எனும் நில அளவை வரைபடத்தின் அளவு, பத்திரத்தின் செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பூர்விகச் சொத்தென்றால் வாரிசுச் சான்றில் உள்ள பெண்கள் உட்பட அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி (தாம்பரம்): கையில் 50 லட்சம். 900 சதுர அடி பழைய ஃபிளாட்டா, புறநகரில் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனையா?

பதில்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 50 லட்சச் சொத்தின் அடக்கம் 54.5 லட்சம்.

ஃபிளாட்டுக்கு மாத வாடகை 16,000 என்று வைப்போம். வருடத்துக்கு 1,92,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, சொத்து வரி, பெயின்ட், மோட்டார் பழுது என்று 36,000 கழித்தால் 1,56,000. அடக்கத்தில் அது 2.9 சதவீதம்கூட இல்லை.

மனையில் வாடகையே இல்லை. வருடம் 7 சதவீதம் கிடைக்க வேண்டுமென்றால் ஐந்தாம் வருட முடிவில் 76.4 லட்சத்துக்கு விற்க வேண்டும். இன்று சதுர அடி சுமார் 4,170; அன்று 6,370. தரகும் வரியும் வேறு. அந்தத் தெருவில் ஐந்து வருடம் முன்பு பதிவான பத்திரங்களின் விலையைப் பார்த்துவிட்டு, இது நடக்குமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மாத வருமானம் தேவையில்லை, பத்து வருடம் காத்திருக்க முடியும் என்றால் மனை.

கேள்வி (குரோம்பேட்டை): இதை ஏற்கமாட்டேன். மனை விற்க ஒரு வருடம்கூட ஆகிறது. ஃபிளாட்டுக்கு வாடகையாவது நிச்சயம்.

பதில்: விற்கத் தாமதமாகும் என்பது சரி, அவசரத்துக்குத் தேவைப்படும் பணத்தை மனையில் போடக் கூடாது. ஆனால் ஃபிளாட்டிலும் காலப்போக்கில் விலை ஏறுவது யுடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப் பங்கு மட்டும்தான். கட்டடம் தேய்ந்துகொண்டே போகும். மேலே சொன்ன 900 சதுர அடி, 50 லட்ச ஃபிளாட்டின் யுடிஎஸ் 450 சதுர அடி என்போம். பழைய கட்டடத்துக்குச் சதுர அடி 1,500 வீதம் 13.5 லட்சம் கழியுங்கள். மீதி 36.5 லட்சத்தை 450-ஆல் வகுத்தால் 8,100. அதே தெருவில் காலி நிலம் 8,000-க்குப் போனால் விலை நியாயம். 5,000 என்றால் அதிகம் கொடுக்கிறீர்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): இடித்துக் கட்டினால் யுடிஎஸ்ஸுக்குப் புது வீடே கிடைக்குமே?

பதில்: கிடைக்கலாம். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஆனால் முன்புறச் சாலை குறுகலாக இருந்தால் கூடுதல் மாடிக்கு அனுமதி வராது; கட்டுநருக்கும் ஆர்வம் இருக்காது. சாலையை அளக்காமல் இந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

கேள்வி (ஓசூர்): அங்கீகாரமில்லாத மனை பாதி விலைக்கு வருகிறது.

பதில்: வாங்காதீர்கள். 20.10.2016-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான், அங்கீகாரமில்லாததை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம். எந்த மனை வாங்கினாலும் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகார எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண், சாலைகளை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப்பத்திரம் மூன்றையும் கேளுங்கள்.

கேள்வி (சேலம்): பவர் பத்திரத்தின் (உரிமையாளர் சார்பில் செயல்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) பேரில் வாங்கலாமா?

பதில்: பவர் மட்டும் உங்களுக்கு உரிமை தராது, 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் வைத்திருப்பவர் கிரயம் எழுதிக்கொடுப்பதானால், அந்தப் பவர் ரத்தாகவில்லை, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று உறுதி செய்யுங்கள்.

கேள்வி (கோவை): துபாயில் இருக்கும் அண்ணன் விற்கிறார். விலையில் 1 சதவீத டிடிஎஸ் (வாங்குபவர் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்தால் போதுமா?

பதில்: போதாது. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் விதி வேறு, விகிதமும் அதிகம். ஆடிட்டரைப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அசலைப் பார்த்தீர்களா?

கேள்வி (திருச்சி): வங்கியில் இருப்பதாகச் சொல்கிறார்.

பதில்: எந்தக் கிளை, கடன் பாக்கி எவ்வளவு என்று வங்கியிடமே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பாக்கித் தொகையை வங்கியின் பெயருக்கே டிடி எடுத்துக் கட்டுங்கள், விற்பவர் கையில் கொடுக்காதீர்கள்.