அம்மன் திருவிழாவுக்குத் தானியம் முளைக்க வைத்து வளர்த்த முளைப்பாரியில் பாதி முளைக்கவில்லை, மீதி பூசணம் பிடித்துவிட்டது. ஊரில் தீட்டு என்கிறார்கள். உண்மையில் என்ன காரணம்?

தீட்டு இல்லை. பாரி வளர்த்த அம்மாவை ஊர் இன்னும் ஒரு வார்த்தை பேசுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

காப்புக் கட்டிய செவ்வாயன்று முத்துப் போட்டு, அதாவது விதை பரப்பி, அடுத்த செவ்வாய் பாரியைத் தூக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் சிவகங்கை, இராமநாதபுரம், மதுரைப் பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். விதையைத் திருவிழாக் கமிட்டியே மொத்தமாகக் கடையில் வாங்கி, பிளாஸ்டிக் பேசினில் போட்டிருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இவைதான் காரணம்.

முதலில் விதை. முத்துப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு வகையிலும் நூறு விதையை எண்ணி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பாசிப்பயறும் தட்டப்பயறும் இரண்டு நாளில் முளை காட்டிவிடும். மொச்சைக்கும் துவரைக்கும் நாலு நாள் கொடுங்கள். எண்பதுக்குக் கீழே போனால் அந்த விதையை மாற்றிவிடுங்கள். ஊற வைக்கும்போது மேலே மிதப்பது வண்டு விழுந்தது, அதை அரித்து எறியுங்கள். இரவெல்லாம் ஊறியும் உப்பாமல் சின்னதாக, கெட்டியாகவே கிடப்பது கல்லுப்பயறு. அதற்கு உயிர் இருக்கும், ஆனால் தோல் தண்ணீரை உள்ளே விடாது. உங்கள் எட்டு நாள் கணக்குக்கு அது உதவாது. விதைக்கடையில் சிவப்பு, பச்சைச் சாயம் ஏற்றி விற்பது மருந்து கலந்த விதை. அது நன்றாகவே முளைக்கும், இருந்தாலும் வேண்டாம். பெண்கள் வெறுங்கையால் பரப்புகிறார்கள், கடைசியில் அது ஆடுமாடு குடிக்கும் கண்மாயில் போய்ச் சேருகிறது.

நவதானியம் என்று ஒன்பதையும் ஒரே அண்டாவில் ஊற வைத்து ஒரே நேரத்தில் கொட்டுவதுதான் பெரிய தப்பு. பாசிப்பயறு மறுநாளே முட்டிக்கொண்டு வரும். நெல், மொச்சை, துவரை பிந்தும். முந்தியது மேலே அடைத்துக்கொள்ள, பிந்தியது அடியில் மூச்சு முட்டி அழுகும். பூசணம் அங்கேதான் தொடங்கும். பிந்துவதை ஒரு நாள் முன்னதாக ஊற வைத்து, முளை கட்டியே பரப்புங்கள். எள், கேழ்வரகு மாதிரிப் பொடி விதை எல்லாம் பேருக்கு ஒரு சிட்டிகை போதும், அதுவும் ஓரத்தில். உயரமும் அடர்த்தியும் தருவது தட்டப்பயறும் பாசிப்பயறும்தான்.

பாரி வளர்க்கும் ஓடு என்றால் அடி உடைத்த பழைய பானை. ஒரு அடி வாய் உள்ள ஓட்டுக்கு மொத்தம் 150 முதல் 200 கிராம் உலர்ந்த விதை போதும். விதையோடு விதை தொடலாம், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. பாரி அடர்த்தியாக வரட்டும் என்று அரைக்கிலோ கொட்டுகிறார்கள். குவியலாகக் கிடக்கும் விதை முளைக்கும்போது தானே சூடேறும். தகரக் கொட்டகையில் பங்குனி வெயிலும் சேர்ந்தால் மூன்றாம் நாளே புளித்த வாடை வந்துவிடும்.

ஓடு என்றால் அடி உடைத்த பழைய பானை. ஓட்டின் அடியில் குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, இரண்டு விரல் கனத்துக்கு வைக்கோல், அதன் மேல் நாலு விரல் எரு. மக்கிக் காய்ந்து பொடியான மாட்டெரு அல்லது ஆட்டெரு இரண்டு பங்கு, கண்மாய் வண்டல் ஒரு பங்கு. தலையில் தூக்க வேண்டியது, அதனால் மண் குறைவாக இருப்பதே நல்லது. பச்சைச் சாணி சூடு கிளப்பி முளையைக் கருக்கிவிடும். பேசின்தான் என்றால் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் எட்டுப் பத்து ஓட்டை போடுங்கள். விதையைப் பரப்பி அரை விரல் கனத்துக்கு எருப்பொடி தூவி மூடுங்கள்.

முதல் நாள் அடியில் சொட்டும் அளவு தண்ணீர். பிறகு காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், கையால் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. விரலை விட்டால் குளிர்ச்சியாக இருக்கணும், விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது.

இரண்டாம் மூன்றாம் நாள் கம்பு, சோளத்து முளையைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரியும். அது வேர்த்தூவி. பூசணம் என்று பயந்து மஞ்சளை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: வேர்த்தூவி படிந்து கண்ணுக்கு மறைந்துவிடும். பூசணம் மறையாது, நூல் நூலாக விதைக்கு விதை தாவும், வாடையும் அடிக்கும். அந்த இடத்தை மட்டும் கரண்டியால் சுற்றுமண்ணோடு தோண்டி எடுத்துவிட்டு, அன்று மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள்.

பாரி வெளிர்மஞ்சளாக நெடுநெடு என்று வளர்வது இருட்டால்தான். வெளிச்சம் தேடித் தண்டு நீளும், பச்சை பிடிக்காது. ஒரு மூலையில் அணையா விளக்கு வைத்தால் எல்லாப் பாரியும் அந்தப் பக்கமே சாயும். விளக்கை வாசல்படிக்கு வெளியே வையுங்கள், இல்லையென்றால் பாரி ஓட்டைத் தினமும் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். தூக்கும் அன்று ஓரத்தில் நாலைந்து மூங்கில் சிம்பு செருகி, வாழைநாரால் இரண்டு சுற்றுக் கட்டினால் ஊர்வலத்தில் ஒடியாது.

பக்தியில் கை வைக்கிறான் என்று யாரும் வர வேண்டாம். விரதம் இருக்கட்டும், பாரி வளரும் வீட்டைப் பூட்டட்டும். பூட்டுவதால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் குறைகிறது, அது நல்லதுதான். ஆனால் கடைக்காரர் தந்த செத்த விதைக்கு எந்தப் பெண் எந்த நாளில் உள்ளே போனாள் என்று விசாரணை வைப்பது என்ன நியாயம்? விதை வாங்கிய கமிட்டியை யாரும் கேட்பதில்லையே. விதைச் சோதனைக்காக முன்னோர் வைத்த ஏற்பாடுதான் முளைப்பாரி என்று பெருமையாக எழுதுபவர்களுக்கும் ஒன்று: அவரவர் வீட்டுப் பானையில் எடுத்துவைத்த விதையை அவரவர் ஓட்டில் போட்டால்தான் அது சோதனை. இப்போது நடப்பது மளிகைக் கடைக்கான சோதனை.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பாரிக்கு அடிக்கும் கும்மிக்கு ஸ்பீக்கர் எதற்கு? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, தனி அனுமதி தனிக்கதை. கும்மியோ பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். பாட்டுத் தெரிந்த கிழவிகள் ரெண்டு பேர் இருந்தாலும் குத்துப்பாட்டுச் சத்தத்தில் அவர்கள் வாயைத் திறக்க முடிவதில்லை. இதில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வேறு, நன்கொடை கொடுத்தவர் படத்தோடு. பாரி போட்டவர்களின் பெயர் அதில் ஒரு ஓரத்தில்கூட இருக்காது.

கரைக்கும்போது பாரியையும் எருவையும் மட்டும் கண்மாயில் விடுங்கள். ஓடு சுட்ட மண், அது கரையாது. ஓடு, பேசின், ஜரிகைத்தாள், தெர்மாகோல் எல்லாவற்றையும் கரையிலேயே கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.