முத்திரையிடாத வாக்குச்சீட்டுகள்

அன்புள்ள ஐயா,

2021 செப்டம்பர் தேர்தலில் ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் 63 இடங்களில் 33 பெண்களுக்குக் கிடைத்ததாகக் காலையில் செய்தி வந்தது. மறுஎண்ணிக்கைக்குப் பிறகு, மாலைக்குள் அது 30 ஆகிவிட்டது. இட ஒதுக்கீட்டுச் சட்டம் இருந்திருந்தால் இந்த ஏமாற்றம் நேர்ந்திருக்குமா? மற்றபடி, எண்ணிக்கையில் நடந்தது சிறிய தவறுதானே?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஒதுக்கீட்டைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். 30 என்பதும் பாதிக்குப் பக்கம்தான். ஆனாலும் உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. லென்யா ரூன் என்ற 21 வயதுப் பெண், குர்தியக் குடும்பத்துப் பிள்ளை, அந்நாட்டின் மிக இளைய உறுப்பினராகியிருப்பாள். சில மணி நேரத்தில் எல்லாம் போயிற்று. அந்தப் பிள்ளையை நினைத்துப் பலநாள் ஆறவில்லை எனக்கு.

"சிறிய தவறு" என்று எப்படி எழுத மனம் வந்தது உங்களுக்கு? போர்கார்நெஸ் என்ற சிற்றூரின் ஹோட்டல் கூடத்தில் வடமேற்குத் தொகுதியின் வாக்குகளை விடிய விடிய எண்ணினார்கள். முடித்ததும் சீட்டுகளை முத்திரையிடாமல் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அதே சீட்டுகளை மறுபடி எண்ணினார்கள். எந்தக் கட்சியின் மொத்த இடமும் மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். 63 இடங்களில் ஒன்பது, கட்சிகள் நாடு முழுவதும் பெற்ற வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைச் சரிக்கட்டப் பகிரப்படுபவை. ஓரிடத்தில் சில வாக்குகள் நகர்ந்தால் வேறெங்கோ ஒருவர் பதவி இழப்பார். அப்படி ஐந்து பேர் வெளியே, ஐந்து பேர் உள்ளே.

யாரும் கள்ளத்தனம் செய்ததாக நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்று காட்டவும் வழியில்லாமல் போயிற்றே, அதுதான் என் கோபம். முத்திரை இருந்திருந்தால் அந்த அதிகாரிகளும் தலைநிமிர்ந்து நின்றிருப்பார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். ஐஸ்லாந்து அரசியல் சாசனத்தின் 46-ஆம் பிரிவுப்படி, உறுப்பினர்களின் தேர்வு செல்லுமா என்று அப்போது தீர்மானித்தது நாடாளுமன்றமே. நவம்பர் 25 அன்று மறுஎண்ணிக்கையை 42 பேர் ஏற்றார்கள், ஐந்து பேர் எதிர்த்தார்கள், 16 பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். மறுஎண்ணிக்கையால் இடம் பெற்றவர்கள் வாக்களிக்கவும் தடையில்லை! தன் வழக்குக்குத் தானே நீதிபதி. வேட்பாளர்கள் இருவர் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஏப்ரலில் அது, பாரபட்சமற்ற விசாரணைக்குப் போதிய உத்தரவாதம் இருக்கவில்லை, அவர்களின் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். படித்த பிறகும் சிறிய தவறாகவே தோன்றினால் எழுதுங்கள். உங்களை நான் விடப்போவதில்லை.