பை மேல் ஒரு கண்

கேள்வி: ரயில் நிலையத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் “ப்ளீஸ் கீப் யுவர் ஐஸ் ஆன் மை பேக்” என்றேன். ஒரு கண்ணா, இரண்டு கண்ணா, எது சரி?

பதில்: ஒரு கண் போதும். “கீப் அன் ஐ ஆன் மை பேக்” என்று கேளுங்கள். நாமும் “பை மேல ஒரு கண் வச்சுக்குங்க” என்றுதானே சொல்கிறோம்? அவர் பேப்பர் படிக்கலாம், காப்பி குடிக்கலாம். நடுநடுவே பையைப் பார்த்தால் சரி. நீங்கள் சொன்னதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அதற்குப் பொருள், பார்வையை எடுக்காமல் அதையே பார்ப்பது. வண்டி ஓட்டுபவரிடம் “கீப் யுவர் ஐஸ் ஆன் த ரோட்” என்பது அதனால்தான்.

இதை எழுதும்போது பலர் ‘அன்’னை விட்டுவிடுகிறார்கள். பேச்சில் நான்கு சொல்லும் ஒட்டி “கீப்பனையான்” என்று ஒலிப்பதால் அது காதில் தனியாக விழுவதில்லை. எழுத்தில் அது கட்டாயம் வேண்டும். ‘வை’ என்ற நம் வினையை நினைத்து “புட் அன் ஐ” என்று எழுதுவதும் தவறு. வினை ‘கீப்’, இறந்த காலத்தில் ‘கெப்ட்’. கூடுதல் கவனம் என்று சொல்ல ‘க்ளோஸ்’ என்பதை ‘ஐ’க்கு முன்னால் வையுங்கள்: “கீப் அ க்ளோஸ் ஐ ஆன் த மில்க்.” ‘க்ளோஸ்’ மெய்யொலியில் தொடங்குவதால் ‘அன்’ இங்கே ‘அ’ ஆகிவிடும்.

கேள்வி: “கீப் அன் ஐ அவுட் ஃபார்” என்பதும் இதுதானா?

பதில்: இல்லை. “கீப் அன் ஐ ஆன் த பஸ்” என்றால் பஸ் கண்ணெதிரே நிற்கிறது, கிளம்பிவிடாமல் கவனியுங்கள் என்று பொருள். “கீப் அன் ஐ அவுட் ஃபார் த பஸ்” என்றால் பஸ் இன்னும் வரவில்லை, வருகிறதா என்று பாருங்கள். இருப்பதற்கு ‘ஆன்’, வர வேண்டியதற்கு ‘அவுட் ஃபார்’.

கேள்வி: “குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பதற்கு இதைச் சொல்லலாமா?

பதில்: பத்து நிமிடம் தெருவுக்கு ஓடாமல் கவனிக்கச் சொன்னால், தாராளமாக. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்க வைப்பதென்றால் அது “லுக் ஆஃப்டர்.” நம் ‘பார்த்துக்கொள்’ இரண்டுக்கும் பொருந்துவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.