பசுமைக்குடில் சாகுபடி: கேள்வி பதில்

ஓசூர் பக்கம் பன்னிரண்டு வருடமாகக் குடிலுக்குள் குடைமிளகாயும் வெள்ளரியும் போடுகிறேன். மண், பூச்சி, ரகம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒட்டன்சத்திரம்: புதிதாகக் குடில் போட்டிருக்கிறேன். முதலில் எந்தப் பயிர் வைக்கலாம்?

வெள்ளரி வையுங்கள். நட்ட 40 நாளுக்குள் காய் பறிக்கலாம், மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் நாற்று வாங்கும் முன் மண்ணை வேர்முடிச்சு நூற்புழுவுக்குப் பரிசோதனை செய்யுங்கள். எனக்கு மூன்றாம் வருடம்தான் இது புத்தியில் ஏறியது. நல்ல வெயிலில் செடி வாடும், மாலையில் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று சொட்டுநீரைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. அந்தப் போகம் பாதிக்கு மேல் போய்விட்டது.

மழையையும் பூச்சியையும் குடில் தடுக்கும். மண்ணுக்குள் இருப்பதை அது தடுக்காது. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் நூற்புழு பெருகும். மழை உள்ளே விழாததால் உரத்தின் உப்பும் கழுவப்படாமல் மேலேயே தங்கும். பாத்தி ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். போகத்துக்கு நடுவே நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சிக் கழுவுங்கள். நூற்புழுவுக்கு, ஏப்ரல், மே வெயிலில் பாத்தியை நன்றாக நனைத்து, மெல்லிய பாலித்தீன் ஷீட்டை மண்ணோடு ஒட்டி மூடி 4 முதல் 6 வாரம் விடுங்கள். ஷீட் நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், கறுப்பு வேண்டாம். அப்புறம் வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். நடுவில் ஒரு போகம் செண்டுமல்லி வைத்தாலும் நல்லது.

சேலம்: மானியம் எவ்வளவு கிடைக்கும்?

வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். விதிமுறை மாறிக்கொண்டே இருக்கிறது.

கோத்தகிரி: ஸ்ட்ராபெரிக்குக் குடில் அவசியமா அண்ணா? போன வருடம் ஐப்பசி மழையில் பழமெல்லாம் சாம்பல் பூத்து அழுகிவிட்டது.

உங்கள் ஊருக்கு மேற்கூரை உதவும் தம்பி. அது சாம்பல் பூஞ்சணம், பழம் நனைந்தால் பரவும். மேலே ஷீட், பக்கம் இரண்டும் திறந்து வையுங்கள், காற்று ஓடட்டும். நடும்போது குருத்து மண் மட்டத்தில் இருக்கட்டும்; புதைந்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும். உள்ளே மழை படாததால் சிவப்புச் சிலந்தி வரும், இலையின் அடியைப் புரட்டிப் பாருங்கள். தேனீ உள்ளே வர வழி விடுங்கள். மகரந்தம் சரியாகச் சேராத பழம் கோணலாகத்தான் வரும். மண் பரிசோதனை உங்களுக்கும் உண்டு.

கிருஷ்ணகிரி: ஸ்ட்ராபெரிக்குத் தேனீ வேண்டும் என்கிறீர்கள். வெள்ளரிக் குடிலுக்கு மட்டும் பூச்சி நுழையாத 40 மெஷ் நெருக்க வலை கட்டித் தேனீயைத் தடுக்கச் சொல்கிறார்களே? பெட்டி வைத்த பிறகுதான் எங்கள் வெள்ளரி நன்றாகக் காய்த்தது.

உங்களுடையது திறந்தவெளி நாட்டு வெள்ளரி. ஆண் பூ, பெண் பூ தனித்தனி, தேனீ இல்லாமல் காய்க்காது. குடில் ரகம் பார்த்தினோகார்பிக்: மகரந்தம் சேராமலே காய் பிடிக்கும், விதை இருக்காது. வெளி மகரந்தம் சேர்ந்தால் விதை வைத்து, நுனி பருத்துக் கோணலாகும். சந்தையில் கழித்துவிடுவார்கள்.

சேலம்: அரை ஏக்கருக்கு மானியம் தருவார்களா?

மேலே சொல்லிவிட்டேன்.

மதுரை: இங்கே பாலிஹவுஸில் குடைமிளகாய் வருமா?

வேண்டாம் அம்மா. 35 டிகிரி தாண்டினால் பூ கொட்டும்; அங்கே கூரைக்குள் அதற்கும் மேலே போகும். நிழல்வலையில் கீரை, நாற்று வளருங்கள்.

கிருஷ்ணகிரி: சரி, தக்காளிக்குமா தேனீ வேண்டாம்? பாகலுக்கு?

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். பூ குலுங்கினால் போதும், வெளியே அதைக் காற்று செய்கிறது. உள்ளே காற்று இல்லை, அதனால் தினமும் காலையில் செடியைக் கட்டிய கயிற்றைத் தட்டி விடுகிறோம். பெட்டித் தேனீ பூவை அதிரவைக்காது, அதனால் பெட்டி வைத்துப் பெரிய பயன் இல்லை.

பாகலில் நீங்கள் சொல்வதுதான் சரி. அதற்குத் தேனீ வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பூ விரிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுத் தொட்டு ஆள் செய்ய வேண்டும். கூலி கட்டாது. பாகலை வெளியே பந்தலிலேயே விடுங்கள்.

தளி: வெயிலில் வெள்ளரி வாடுகிறது, தண்ணீர் கூட்டவா?

கூட்டாதீர்கள். இன்றைக்கே ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.