விளக்கை நாடி வராத பூச்சிகள்

கேள்வி: இரவெல்லாம் விளக்கு எரியும் இடங்களில் வாழும் பூச்சிகளுக்குக் கண்ணை மூடிக்கொள்ள இமைகூடக் கிடையாது. அந்த வெளிச்சம் அவற்றின் கண்ணையும் உடல் கடிகாரத்தையும் என்ன செய்கிறது?

பதில்: இமை இல்லைதான், ஆனால் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளின் கண்ணுக்குள்ளேயே நகரும் திரை ஒன்று இருக்கிறது. தேனீயின் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சிறுகண்ணும் தன் வில்லை வழியே வரும் ஒளியை மட்டுமே பெறுகிறது. அந்துப்பூச்சியின் கண்ணிலோ வில்லைகளுக்கும் ஒளியுணர் செல்களுக்கும் நடுவே ஒளி தடையின்றிச் செல்லும் இடைவெளி இருப்பதால், நூற்றுக்கணக்கான வில்லைகளில் விழும் ஒளி ஒரே இடத்தில் குவிகிறது. இவ்வகைக் கண்ணை மின்மினியில் ஆராய்ந்து 1891-இல் விளக்கியவர் சிக்மண்ட் எக்ஸ்னர். நமக்கு எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரியும் நட்சத்திர வெளிச்சத்திலும் ஒருவகைப் பருந்து அந்துப்பூச்சி பூக்களின் நிறத்தைப் பிரித்தறிகிறது என்பது 2002-இல் நிறுவப்பட்டது.

வெளிச்சம் கூடும்போது கருநிறமித் துகள்கள் அந்த இடைவெளிக்குள் நகர்ந்து ஒளியைத் தடுக்கின்றன. இருளில் அவை பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் பிடிக்கும் என்பதால், விளக்கருகிலிருந்து விலகிப் பறக்கும் பூச்சி சற்று நேரம் அரைக்குருடாகவே இருக்கிறது. சில வண்டுகளை முழு இருளில் அடைத்து வைத்தாலும் அவற்றின் கண்ணுணர்வு இரவில் கூடிப் பகலில் குறைகிறது. அதாவது, இரவு பகலைக் கணிக்கும் உடல் கடிகாரம்தான் கண்ணையே இரவுக்கு ஆயத்தப்படுத்துகிறது.

விட்டில் விளக்கின்மேல் மையல் கொண்டு மடிகிறது என்று கவிஞர்கள் பாடியது அழகுதான், காரணம் மட்டும் வேறு. பறக்கும் பூச்சி, வெளிச்சமான பக்கமே வானம் என்று கொண்டு, முதுகை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளும். அதிவேகக் கேமராக்களைக் கொண்டு செய்யப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வு, விளக்கருகே வந்த பூச்சிகள் அதற்கு முதுகைக் காட்டியபடியே சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்வதையும், விளக்குக்கு மேலே சென்றவை தலைகீழாகக் கவிழ்ந்து விழுவதையும் காட்டியது. எல்லாப் பூச்சிகளும் இப்படிச் சிக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு குறிப்பிடுகிறது.

ஆயினும் விளக்கடியில் குவியும் கூட்டத்தை மட்டும் பார்த்துப் பாதிப்பை அளப்பது சரியாகாது என்பது என் கருத்து. விளக்கை எட்டிக்கூடப் பார்க்காத பூச்சியின் கடிகாரத்தையும் அந்த ஒளி தொடுகிறது. அதற்குக் கண்ணே தேவையில்லாமலும் போகலாம். ஜேம்ஸ் ட்ரூமனும் லின் ரிடிஃபர்டும் 1970-இல் வெளியிட்ட சோதனைகளில், பட்டு அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுவிலிருந்து மூளையை எடுத்து அதன் வயிற்றுப் பகுதியில் பொருத்தினார்கள். அதன்பின் கூட்டைவிட்டு வெளிவரும் நேரத்தை முடிவு செய்தது தலையில் விழுந்த ஒளியன்று, வயிற்றில் விழுந்த ஒளி. காலையில் வெளிவரும் இனத்துக்கும் மாலையில் வெளிவரும் இனத்துக்கும் மூளையை மாற்றி வைத்தபோது, நேரமும் மூளையோடு இடம் மாறியது.

மூளைக்குள் நடப்பதை விளக்கியது பழ ஈ. அதன் கடிகாரத்தை இயக்கும் 'பீரியட்' மரபணுவை 1971-இல் கொனோப்காவும் பென்சரும் இனங்கண்டார்கள். இந்தக் கடிகாரம் இயங்கும் முறையை விளக்கியதற்காக ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரவில் பீரியட், டைம்லெஸ் என்னும் இரு புரதங்கள் சேர்ந்து பெருகி, உட்கருவுக்குள் சென்று, தம்மை உண்டாக்கும் மரபணுக்களையே அடக்குகின்றன. நீல ஒளி பட்டால் கிரிப்டோகுரோம் என்னும் புரதம் விழித்தெழுந்து, டைம்லெஸ் சிதைவதற்கு வழி செய்கிறது. அதனால் முன்னிரவில் பட்ட ஒளி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பின்னிரவில் பட்ட ஒளி முன்னுக்கு நகர்த்துகிறது. ஒளி அணையவே இல்லையென்றால், சில நாட்களில் ஈயின் நடமாட்டம் ஒழுங்கிழந்து, எந்த நேரமும் அங்குமிங்குமாகத் திரியத் தொடங்குகிறது. கிரிப்டோகுரோம் பழுதுபட்ட ஈக்களோ அந்த ஓயாத வெளிச்சத்திலும் ஒழுங்கு தவறுவதில்லை.

இதற்குப் பெரிய வெளிச்சம் வேண்டியதில்லை. நிலவொளிக்கு நிகரான 0.03 லக்ஸ் ஒளியே பழ ஈயின் நடமாட்டத்தை இரவுக்குள் நகர்த்திவிடுவதை 2007-இல் கண்டார்கள். குளிர்காலத்தை உறக்க நிலையில் கழிக்கும் பூச்சிகளுக்கு இது இன்னும் ஆபத்தானது. பகல் குறுகுவதை வைத்தே அவை உறக்கத்துக்கு ஆயத்தமாகின்றன. விளக்கு பகலை நீட்டிக் காட்டினால், சில கொசு இனங்கள் உறங்க வேண்டிய பருவத்திலும் விழித்திருந்து இனப்பெருக்கத்தைத் தொடர்கின்றன.

கேள்வி: அப்படியானால் மஞ்சள் விளக்குக்கு மாறினால் போதுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். பெரும்பாலான பூச்சிகளின் கண் புற ஊதா, நீலம், பச்சை ஆகியவற்றுக்கே கூர்மையானது என்பதால், மஞ்சள் விளக்கை நோக்கி வருபவை குறையும். கிரிப்டோகுரோமும் நீலத்துக்கே எளிதில் விழிக்கும். ஆனால் கடிகாரத்துக்குக் கூட்டுக்கண் வழியாகவும் செய்தி போகிறது. ஆய்வகத்தில் சிவப்பொளியை மட்டும் கொண்டே பழ ஈக்களை ஒரு நாளொழுங்குக்குப் பழக்க முடிந்திருக்கிறது. ஆகவே நிறத்தை மாற்றுவதைக் காட்டிலும், ஒளி தரையை நோக்கி மட்டும் விழுமாறு மறைத்துக் குறைப்பதும், ஆளில்லாத நேரத்தில் அணைத்து வைப்பதும் கூடுதல் பயன் தரும்.